வலப்பக்க இருக்கை

காற்றாலை இறக்கை ஒன்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. குண்டடம் தாண்டியதிலிருந்து அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன். எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியவில்லை, அதன் தலைப்பக்கத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை. வெள்ளையாக, வழுவழுவென்று, லாரி முடிந்த பிறகும் முடியாமல் நீட்டிக்கொண்டு, பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிற நீளம். கடைசிச் சக்கரங்களுக்கு மேலே ஒரு தகர இருக்கை, அதில் தலைத்துண்டோடு ஒருவன். வளைவு வந்தால் பின்சக்கரங்களைத் திருப்புவது அவன் வேலை போலிருக்கிறது. மற்ற நேரத்தில் சும்மா உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிறான். வேகம் மாட்டுவண்டி வேகம். என் காலுக்கடியில் எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சின் இரண்டாவது கியரில் முறைத்துக்கொண்டு வருகிறது. எதிரே வெயில். சாயங்கால வெயில் மேற்கே போகிறவனுக்கு என்றைக்கும் எதிரிதான். "போகலாமா?" என்கிறேன். "வருதுங்க" என்கிறாள் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரி வசந்தாமணி. ஒரு டெம்போ எதிர்ப்பக்கமாக வந்து எங்களைக் கடந்து போகிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள்? இதை நான் ஏன் சரிபார்க்கிறேன்? இத்தனை வருஷத்தில் ரோட்டைப் பற்றி அவள் சொன்ன எதையும் நான் சரிபார்த்ததே இல்லை. எல்லாம் அந்தக் கன்னத்து விபூதி செய்கிற வேலை. காதுகுத்துக்குப் போனோமா, சாப்பிட்டோமா, வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே, இதையெல்லாம் எதற்கு மண்டைக்குள் போட்டு உருட்ட வேண்டும்.

அமெரிக்க வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அவர்கள் ஊரில் அது சரி, அங்கே ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் இதை ஓட்டுகிறவன் ரோட்டோரப் புளியமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் ஒரு லாரி வந்துவிட்டால் தீர்ந்தது, அவனுக்குத் தெரிவதெல்லாம் லாரியின் முதுகுதான். எதிரே ரோட்டில் என்ன வருகிறது என்று நான் பார்க்க வேண்டுமென்றால் வண்டி முழுவதும் வலப்பக்கம் வெளியே வந்திருக்க வேண்டும். அப்போது பார்த்து என்ன பிரயோஜனம், வருவது வந்திருக்கும். அதனால் பார்க்கிற வேலை வலப்பக்க இருக்கைக்கு. முதல் முதலாக இதை வெளியே எடுத்தபோது உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பொறுமை இல்லாமல் மூக்கை வெளியே நீட்டினேன். "வருது!" என்று கத்தினாள். அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லாதவள். எதிரே வந்த பஸ் போன காற்றில் வண்டி ஆடியது. அன்றைக்கு ஏற்பட்ட ஏற்பாடுதான் இது. 'வருது' என்றால் அசையாதே. 'பொறுங்க' என்றால் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் வளைவோ மேடோ ஏதோ சரியில்லை. 'போலாங்க' என்றால் போ. போ என்றால் கேள்வி கேட்காமல் போ. யோசித்துப் போவதற்கு இதில் இடமில்லை, யோசிக்கிற நேரத்தில் ரோடு மாறிவிடும். மச்சான் ஒருமுறை அந்த இருக்கையில் உட்கார்ந்து கோவையிலிருந்து பழனி வரை "போங்க மாப்ளே, போங்க மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போது அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். வசந்தாமணிக்குத்தான் இந்த வண்டியின் அளவு தெரியும். எவ்வளவு ரோடு இருந்தால் இது எவ்வளவு நேரத்தில் ஒரு லாரியை விழுங்கும் என்று அவளுக்கு மனக்கணக்கு. எனக்கே அந்தக் கணக்கு இல்லை, எனக்கு மிதிக்க மட்டும்தான் தெரியும்.

மிதிப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்த வண்டியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்காத ஆள் கோயமுத்தூரில் இல்லை. பெட்ரோலை மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கும், ரெண்டே கதவு, பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, ஒரு ரப்பர் பீடிங் போனால் கப்பலில் வர வேண்டும். எல்லாம் வாஸ்தவம். நான் வாழ்க்கை முழுக்கச் செய்தது பம்ப்செட். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை அடி ஆழம், கரண்ட் எவ்வளவு இழுக்கும், இதேதான் பேச்சு. ஒரு சொட்டு சக்தி வீணாகக் கூடாது. வீணானால் விவசாயி வந்து சட்டையைப் பிடிப்பான். அப்படி இருந்தவன் ஒரு மில் குடோனில் பழைய தறிகளுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்த இதைப் பார்த்தேன். அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவன் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குப் போகையில் விட்டுவிட்டுப் போனது என்றார்கள். பிளைமவுத் பாரகுடா. பாரகுடா என்றால் சீலா மீன் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள், என் பட்டறை ஆட்களுக்கு அன்றிலிருந்து இது மீன் வண்டி. கரும்பச்சை. நீளமான மூக்கு. பின்கண்ணாடி கூரையிலிருந்து வால்வரை வழிந்து இறங்கும். சாவி போட்டபோது வண்டி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. எஞ்சின் திரும்புகிற வேகத்தில் உடம்பே முறுக்கிக்கொள்ளும், அப்படி ஒரு சக்தி. எதற்கு? தண்ணி இறைக்கவா, மாவு அரைக்கவா? ஒன்றுக்கும் இல்லை. எதற்கும் உதவாத சக்தி. அங்கே அந்தத் தூசிக்குள் நின்று கண்ணில் தண்ணி விட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் குள்ளம். கறுப்பு. கல்யாண வீட்டில் என்னைத் தாண்டிப் பின்னால் நிற்கிறவனுக்கு வணக்கம் வைப்பார்கள். இதில் உட்கார்ந்து சிக்னலில் நின்றால் பளபளக்கிற புது வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்ப்பான். வண்டியை அல்ல, என்னை. மிதித்தால் வேண்டிய மட்டும் வரும் என்று காலுக்குத் தெரிந்திருப்பது ஒரு சுகம், அது இல்லாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மிதிக்கக்கூட வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இப்போது அந்தச் சக்தி மொத்தமும் ஒரு பிளாஸ்டிக் இறக்கைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

"பின்னால ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, வெயில்ல காயறான்" என்றேன் கொஞ்ச நேரம் முன்னால். "ஆமாங்க, பாவம்" என்றாள். பார்த்துத்தான் சொன்னாளா? இதோ, மறுபடி. இன்றைக்குத் தாராபுரத்தில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. மொட்டை போட்டுச் சந்தனம் பூசின குழந்தை மாமன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய் விபூதி வைத்தார்கள். வசந்தாமணி குனிந்தாள், சிரித்தாள், கட்டை விரலை நீட்டினாள். விபூதி கன்னத்தில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "அம்மாயி கன்னத்துக்கு மை வெக்குது" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். குழந்தை தலையைத் திருப்பியிருக்கும். அழுகிற குழந்தை தலையைத் திருப்பாமல் என்ன செய்யும். ஆனால் குழந்தை தலையைத் திருப்பவில்லை. மாமன் தாடையைப் பிடித்து வைத்திருந்தான், ஆசாரி காதுக்குப் பக்கத்திலேயே ஊசியோடு நின்றான். தலை அசையவில்லை. நான் பார்த்தேன். அதைவிட, விரல் கன்னத்தில் பட்ட பிறகு அவள் நெற்றிக்கு மாற்றி வைக்கவில்லை. வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் சிரித்தாள். வெயில் தலைக்கேறிக் கிறுகிறுத்திருக்கும். மூக்குக்கண்ணாடி பழசு. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், "கண்ணாடி மாத்தோணும் போல இருக்குதுங்க" என்றாள். பாத்துக்கலாம் என்றேன். அப்புறம் அவளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ஒரு தேங்காய் வேண்டுமென்றால்கூட மூன்று முறை நினைவுபடுத்துகிறவள்.

"போகலாமா?" "பொறுங்க." சரி. காலையில் போகும்போது ஒரு பால் லாரி. போலாங்க என்றாள், போனேன். பாதியில் எதிரே ஒரு மோட்டார் பைக், மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி, விழாமல் நின்றுவிட்டான். கண்ணாடியில் அவன் கையை ஆட்டிக்கொண்டு கத்துவது தெரிந்தது. "எங்கிருந்துதான் வர்றானுகளோ" என்றேன். எப்போதும் என்னோடு சேர்ந்து திட்டுகிறவள் அப்போது கைப்பையைத் திறந்து மூடினாள். பைக் சின்னது, வெயில், தெரியாமல் போயிருக்கும், யாருக்கும் நடக்கும். ஆனால் ஆனி மாசத்தில் காங்கயம் பக்கம் அந்த பஸ். பஸ் சின்னதில்லையே. வலப்பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுப் போனது. பஸ்காரன் நிறுத்தி இறங்கி வந்தான். "யோவ், கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்றான். எனக்கு வயசாகிவிட்டது, மிதிக்கிறதில் தாமதமாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாரம் அதையே நினைத்து நினைத்து ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தேன். என் கால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் அவளும் தூங்காமல்தான் கிடந்தாள். என் வருத்தத்துக்குத்தான் அவளும் விழித்திருக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதற்கும் முன்னால் சித்திரையில் ஊட்டி அடிவாரத்தில் ஒரு ஜீப். அதற்கும் முன்னால்? எந்தப் 'போலாங்க' வரைக்கும் கண் இருந்தது, எந்தப் 'போலாங்க'விலிருந்து இல்லை? நூறு லாரிகளைத் தாண்டியிருப்போம். ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன், என் கண் பக்கத்தில் திறந்திருக்கிறது என்ற தைரியத்தில். ரெண்டு பேரும் மூடிக்கொண்டேவா போனோம்? சீச்சீ, என்ன நினைப்பு இது. நன்றாகத்தான் இருக்கிறாள். இப்போது டெம்போவைச் சரியாகச் சொன்னாளே.

"போலாங்க" என்கிறாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொல்கிறாள். கால் அந்தச் சொல்லுக்குப் பழகின கால். யோசனை வருவதற்கு முன்னால் அது அமுக்கிவிட்டது. வண்டி வால்பக்கம் அமுங்கி, மூக்கு எழும்பி, வலப்பக்கம் ஒரு முழம் வெளியே வந்துவிட்டது, எஞ்சின் வாயைத் திறந்துவிட்டது. அப்போதுதான் தகர இருக்கைக்காரனைப் பார்த்தேன். எழுந்து நிற்கிறான். உள்ளங்கையை எங்கள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுகிறான். வராதே. ரெண்டு கையையும் ஆட்டுகிறான். வராதே, வராதே. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு, டயர் கத்தி, இறக்கையின் நுனி எங்கள் பானெட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வந்து நின்று, மெதுவாக விலகிப் போனது. ஒரு தனியார் பஸ், ஹாரனை விடாமல் அழுத்தியபடி, ஜன்னல் ஜன்னலாக, முகம் முகமாக எங்கள் வலப்பக்கமாகப் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. போய்விட்டது. தூசி. வசந்தாமணியின் வலது கை டாஷ்போர்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. "வெயில் கண்ணக் கூசுதுங்க" என்கிறாள். "ம்" என்கிறேன். வெயில் கூசுகிறதுதான். ஆனால் அந்த ஆள் எங்களுக்கு நேர் முன்னால் நின்று ரெண்டு கையை விரித்தான், பத்தடி தூரத்தில். நான் பார்த்தேன். வெயில் எனக்கும்தான் அடிக்கிறது. பஸ்ஸைவிட எனக்கு அந்தக் கைதான் பயமாக இருக்கிறது. பஸ் தெரியாமல் போகலாம், அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். விரித்த கை தெரியாமல் போனதற்கு ஒரே காரணம்தான்.

கண் இல்லையா அவளுக்கு. இல்லை, கண் இருக்கிறது, வீட்டில் நடக்கிறாள், சமைக்கிறாள், பழகின இடத்தில் பழகின சாமான். அரிசியைக் கையால் அளக்கிறாள். டிவி முன்னால் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்பாள், நான் எரிந்து விழுவேன், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பாவி மகள். அப்படியானால் டெம்போவை எப்படிச் சொன்னாள்? இத்தனை மாசம் எப்படிச் சொன்னாள்? தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுக்க இறங்கியிருக்கிறது. தலை லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முந்தானையை இழுத்துக் கட்டி, வலது காதை மட்டும் வெளியே விட்டிருக்கிறாள். கூந்தலைக்கூட அந்தப் பக்கம் காதுக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். கேட்கிறாள். ஐயோ, கேட்டுக் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். போன வருஷம்வரை தூசி வரும் என்று கண்ணாடியை ஏற்றி வைத்தவள் திடீரென்று காத்து வேணும் என்றாள். டேப்பில் பாட்டுப் போட்டால் தலைவலிக்குது என்றாள். நான் பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். வயசாகிறது, அமைதி பிடிக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் நான் புது சைலன்சர் மாட்டினேன். மாட்டினேன் என்றால் சும்மாவா, பட்டறையில் நாலு விதமாகக் குழாயை வளைத்துப் பார்த்து, அமெரிக்காக்காரன் வீடியோவில் வருகிற அதே உறுமல் வருகிறவரை விடவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் எழுந்து நிற்கும். அவள் வாசலில் நின்று கேட்டாள். "இத்தனை சத்தம் வேணுங்களா?" என்றாள். "சத்தந்தான் வண்டியே" என்றேன். கெத்தாகச் சொன்னேன். மிதிக்கும்போதெல்லாம் அவள் காதைப் பொத்தினேன். பொத்திவிட்டு, போகலாமா என்று கேட்டேன்.

பின்னால் ஹாரன். மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருத்தனாக எங்களையும் இறக்கையையும் சேர்த்துத் தாண்டிப் போகிறான். போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான், இந்த மூஞ்சிக்கு இந்த வண்டியா என்று. சிரிக்கட்டும். எனக்கு இப்போது கோபம் வர வேண்டும். வருகிறதும்தான். ஏன் சொல்லவில்லை? ரெண்டு பேர் உயிர். எதிரே வருகிறவன் உயிர். அந்த மோட்டார் பைக் ஆளுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ. இதெல்லாம் விளையாட்டா? வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, அவள் பக்கம் போய், கதவைத் திறந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்டால் என்ன சொல்வாள். எனக்குத் தெரியும் என்ன சொல்வாள். சொல்லமாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும். வீட்டில் நான் அவளை எதைக் கேட்டிருக்கிறேன்? பட்டறைக்கு இடம் வாங்கினேன், கேட்கவில்லை. மகளை ஆஸ்திரேலியாவில் கொடுத்தேன், முடிவு செய்த பிறகு சொன்னேன். வீட்டை இடித்துக் கட்டினபோது அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூட மேஸ்திரியிடம்தான் பேசினேன். குடும்பம் என்றால் அப்படித்தானே நடக்கிறது, எங்கள் அப்பன் நடத்தினான், நானும் நடத்தினேன். இந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும் மைலுக்கு ஒரு தரம் கேட்பேன். போகலாமா, போகலாமா. அவள் பொறுங்க என்றால் எட்டு சிலிண்டரும் நானும் பொறுத்துக்கொண்டு நிற்போம். விசேஷ வீடுகளில் பெண்டுகள் கிண்டல் பண்ணினால் சொல்வாள், "வண்டி ஓட்டறது நாந்தான், அவரு மிதிக்க மட்டுந்தான் மிதிக்கறாரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு சிக்னலில் கிடைத்தது அவளுக்கு அந்த இருக்கையில் கிடைத்தது. அந்த முகத்தைக் கண்ணோடு சேர்த்து இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. கண் போய்விட்டது என்று சொன்னால் அடுத்த நாளே வண்டி தார்ப்பாய்க்குள் போய்விடும். அப்புறம் அவளை யார் எதைக் கேட்பார்கள்.

கோபம் போகவில்லை. ஆனால் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. காலை எடுத்தேன். மூன்றாவது கியரில் போட்டு, பெடலைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். எஞ்சின் இறங்கி, இறங்கி, முணுமுணுப்பாகிவிட்டது. இந்த வண்டியில் இத்தனை அமைதியை நான் கேட்டதில்லை. இறக்கை லாரியின் டயர் ரோட்டில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கிறது. ஓரத்து வேலியில் குருவி கேட்கிறது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுகிற சத்தம்கூட. அவள் தலை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்கிறது. "போகலாமா?" என்கிறேன். கேட்கிறாள். அவள் கேட்பதை நான் பார்க்கிறேன், கழுத்து நரம்பு விறைத்து நிற்கிறது, உதடு லேசாகத் திறந்திருக்கிறது. "வருதுங்க" என்கிறாள். "பெரிய வண்டி. லாரி." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, நான் நம்பிக்கையை விட்டுவிட்ட பிறகு, ஒரு தண்ணி லாரி வந்து கடந்தது. எத்தனை கஷ்டப்பட்டிருப்பாள். ஒவ்வொரு பயணத்திலும், ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும், என் உறுமலுக்குள்ளிருந்து அடுத்தவன் உறுமலைப் பிரித்தெடுத்து. ஊர் வந்து இறங்கினால் அசதியாக இருக்கிறது என்று படுத்துக்கொள்வாள். சும்மா உட்கார்ந்து வந்ததற்கு என்ன அசதி என்று நான் கேட்டிருக்கிறேன்.

தகர இருக்கைக்காரன் இப்போது எங்களைக் கூப்பிடுகிறான். எதிரே ரோடு காலி போலிருக்கிறது. கையைச் சுழற்றிச் சுழற்றி, வா, வா, போ என்கிறான். நல்ல மனுஷன். ரெண்டு நல்ல கண். அவன் கையை நம்பி நான் இப்போதே போய்விடலாம், அஞ்சு நொடியில் இந்த இறக்கையின் தலையைப் பார்த்துவிடலாம், அதற்கப்புறம் கோயமுத்தூர் வரை திறந்த ரோடு. கால் துறுதுறுக்கிறது. இந்தக் கால் கடைசியாக ஒரு முறை மிதிக்க ஆசைப்படுகிறது, நாளைக்கு இந்த ஆசைக்கு வழியில்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது. வசந்தாமணி காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் கையை அவள் பார்க்கவில்லை. "போலாங்க" என்கிறாள். அவனும் சொல்கிறான், அவளும் சொல்கிறாள், ரெண்டும் ஒன்றாகவே இருக்கிறது. நான் போகவில்லை. "ஏனுங்க, போலாம்னேனே" என்கிறாள். "அவசரம் ஒண்ணுமில்ல. பின்னாலயே போலாம்" என்கிறேன். இத்தனை வருஷத்தில் அவள் போ என்று சொல்லி நான் போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. இருக்கைக்காரன் கையைச் சுழற்றிச் சுழற்றி அலுத்துப்போய், இவன் என்ன ஆள் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் கை டாஷ்போர்டிலிருந்து இறங்கி மடிக்குப் போகிறது. முந்தானை நுனியைச் சுருட்டுகிறது, பிரிக்கிறது, சுருட்டுகிறது. தெரிந்துகொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "மீன் வண்டியக் கொட்டாய்ல போட்டு மூடிருவீங்களா?" என்கிறாள். முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்கிறாள். குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆமாம் என்பதுதான் பதில். நாளைக்குக் காலையில் தார்ப்பாயை உதறி எடுத்து நானே மூடுவேன், வேறு யாரையும் தொடவிட மாட்டேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு ஒரு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போவேன். அதில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் எங்கள் ரெண்டு பேரையும் எதுவும் கேட்கமாட்டான். அவள் பின்சீட்டில் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வருவாள். பல்லடத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. வெயில் இறங்கிவிட்டது. ரோட்டில் ஒன்றுமே இல்லை, எங்களுக்கு முன்னால் அந்த வெள்ளை வால் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. "முன்னால பாரு" என்கிறேன். "ஏதாச்சும் வந்தா சொல்லு." "சரிங்க" என்கிறாள். முந்தானையை மறுபடி இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே வருகிறாள்.